எழுதுவதற்கு ஒரு லேப்டாப் – கடிதம்

வணக்கம் சார்,

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இதுவரை என் கதைகள் எல்லாவற்றையும் செல்போனில்தான் அடித்தேன். இப்போது ஒரு நாவல் தொடங்கியிருக்கிறேன். போனில் அது ஆகாது என்று தெரிந்துவிட்டது. வீட்டில் பையனின் 15.6 அங்குல லேப்டாப் இருக்கிறது. அதில் கொஞ்ச நேரம் தொடர்ந்து அடித்தால் வலது மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. தமிழ்99 விசையமைப்பு பழகிவிட்டேன், பார்க்காமலே அடிக்க வருகிறது. ஆனால் அந்த லேப்டாப்பில் ‘ச’ மட்டும் அடிக்கடி தப்பாகிறது.

50,000 ரூபாய்க்குள் நல்ல கீபோர்டு உள்ள லேப்டாப் வாங்கலாம் என்றிருக்கிறேன். பையன் கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறான். பள்ளியில் ஒருவர், 2017ஆம் வருட மேக்புக் புரோ ஒன்று நல்ல விலைக்கு வருகிறது என்கிறார். நீங்கள் எதில் எழுதுகிறீர்கள்? விசைகளில் தமிழ் எழுத்து ஒட்டிக்கொள்ளலாமா? இதையெல்லாம் உங்களிடம் கேட்கலாமா என்று தயக்கமாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாகக் கேட்கலாம். எழுதுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இலக்கியம்தான் பேசுவார்கள் என்று வெளியே ஒரு நம்பிக்கை இருக்கிறது. கழுத்துவலி, கண்ணாடிப் பவர், கீபோர்டு என்றுதான் பாதி நேரம் ஓடும்.

விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘ச’ தப்பாகிறது என்கிறீர்கள். விரல்மேல் பழி போட வேண்டாம். தமிழ்99 அமைப்பில் ச இருப்பது, ஆங்கிலத்தில் சதுர அடைப்புக்குறியைத் திறக்கும் விசையில். பக்கத்தில், அடைப்புக்குறியை மூடும் விசையில் ஞ. நடுவரிசையில் அரைப்புள்ளி விசையில் ந, அதை அடுத்த மேற்கோள் விசையில் ய. கீழே சாய்கோட்டில் ழ. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இவற்றில் பல எப்போதாவது தொடும் குறிகள். நமக்கு இவை எழுத்துகள். ந, ய, ச மூன்றும் இல்லாமல் ஒரு பத்தி எழுத முயன்று பாருங்கள், தெரியும்.

தமிழ்99 நல்ல அமைப்பு, சந்தேகமே இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தது, தமிழக அரசு தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. அதிகம் தேவைப்படும் புள்ளி இடது சுட்டுவிரலுக்கு அடியிலேயே, எஃப் விசையில். ‘பக்கம்’ என்று அடிக்க ப, க, க, ம, புள்ளி என ஐந்து தட்டு போதும். முதல் க-வுக்கு உரிய புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். எல்லாம் சரி, வலது சுண்டுவிரலின் பாடுதான் திண்டாட்டம். ந, ய, ண, ச, ஞ, ழ என்று ஆறு எழுத்துகள் அந்த ஒற்றை விரலின் பொறுப்பில். போதாததற்கு என்டர், பேக்ஸ்பேஸ், வலப்பக்க ஷிஃப்ட். உங்கள் வலது மணிக்கட்டு வலிப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

லேப்டாப்பை வடிவமைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அகலம் பற்றவில்லை என்றால் ஆங்கில எழுத்து விசைகளில் கைவைக்க மாட்டார்கள், வலது ஓரத்துக் குறி விசைகளைத்தான் ஒடுக்குவார்கள். 11, 12 அங்குலச் சின்ன லேப்டாப்புகளில் இது சகஜம். பெரியவற்றிலும் நம்பர் பேடை, அதாவது வலப்பக்கத் தனி எண் விசைகளை, உள்ளே திணித்த சில மாடல்களில் உண்டு. ‘அருமையான கீபோர்டு’ என்று யூடியூபில் சொல்கிறவர்கள் அடித்துப் பார்ப்பது ஆங்கிலத்தில். அவர்கள் போடும் மதிப்பெண்ணில் ச-வுக்கு இடமே இல்லை.

ஆகவே எந்த லேப்டாப்பைப் பார்த்தாலும் முதலில் வலது ஓரத்தைப் பாருங்கள். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மி.மீ. இருப்பது வழக்கமான அளவு. ஸ்கேல்கூட வேண்டாம், எச் விசையும் அடைப்புக்குறி விசைகளும் ஒரே அகலமா என்பது கண்ணுக்கே தெரியும்.

தோள்வலிக்குக் காரணம் பெரும்பாலும் நம்பர் பேட். அது வலப்பக்கம் உட்கார்ந்துகொள்வதால் எழுத்து விசைகள் முழுக்க இடது பக்கம் தள்ளிப்போகின்றன. நீங்கள் திரையின் நடுவுக்கு நேராக அமர்கிறீர்கள், கைகள் இரண்டும் இடது பக்கம் போகின்றன, வலது கை உடம்பைக் குறுக்கே கடந்து வேலை செய்கிறது. மதிப்பெண் பட்டியல் போட நம்பர் பேட் வசதிதான். நாவலுக்கு எதற்கு? நம்பர் பேட் இல்லாத 14 அங்குலம் போதும். அதுவரை பையனின் லேப்டாப்பைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி, எஃப், ஜே விசைகளின் நடு உங்கள் மார்புக்கு நேரே வரும்படி வைத்து அடித்துப் பாருங்கள்.

அப்புறம் விசையின் ஆழம். அழுத்தினால் எவ்வளவு கீழே போகிறது என்பதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். தற்போதைய லேப்டாப்புகளில் 1.3 முதல் 1.5 வரை இருந்தால் நல்லது. பழைய திங்க்பேட் லேப்டாப்புகளில் 1.8 இருந்தது. இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நடுவில் அழுத்தும்போது பலகையே கீழே வளைகிறதா என்பது அதே அளவுக்கு முக்கியம். விலை குறைந்த பிளாஸ்டிக் உடல் லேப்டாப்புகள் பலவற்றில் வளையும். ஒரு பக்கம் அடிப்பதற்குள் விரல் சலித்துவிடும்.

நான் எழுதுவது, ரிப்பேர் பார்த்து மறுவிற்பனைக்கு வந்த ஒரு திங்க்பேட் டி480இல். 2018இல் வந்த மாடல். எடை கொஞ்சம் அதிகம், திரை சுமார், பார்க்க அரசு அலுவலக ஃபைல் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கீபோர்டுக்காக இவை எல்லாவற்றையும் மன்னிக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அதில் கீபோர்டு கெட்டுப்போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இப்போது வரும் மெலிந்த லேப்டாப்புகள் பலவற்றில் கீபோர்டு மேல்மூடியோடு சேர்ந்தே வருகிறது. ஒரு விசை போனாலும் மொத்த மூடியையும் மாற்றச் சொல்வார்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இத்தகைய பழைய திங்க்பேடுகள் 20,000 ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும், விலை கடைக்குக் கடை மாறும். வாங்கினால் இரண்டு விஷயம் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். டி480 பெரும்பாலும் அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது, அதற்கு முந்தைய டி470 வராது. அடுத்தது, ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கும் கலந்திருக்கும். என்டர் விசை உயரமாகவும் இடது ஷிஃப்ட் குட்டையாகவும் இருந்தால் அது அங்கத்திய அமைப்பு. தமிழ்99இல் ஸ, ஷ, ஜ, ஹ போன்றவற்றுக்கு மட்டும்தான் ஷிஃப்ட் என்பதால் உங்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. ஆங்கில ஒலிப்பு முறையில் அடிக்கிறவர்கள் ண, ள, ற என்று எந்நேரமும் ஷிஃப்டைத் தேடுகிறவர்கள். அவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பழைய மேக்புக் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். 2015இல் வந்த 12 அங்குல மேக்புக்கில் ‘பட்டர்ஃப்ளை’ என்று ஒரு விசையமைப்பைக் கொண்டுவந்தார்கள், அடுத்த வருடம் மேக்புக் புரோவுக்கும் வந்தது. அரை மில்லிமீட்டர் அளவே கீழே போகும். தூசி நுழைந்தால் எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். ‘பக்கம்’, ‘பகம்’ ஆகும். 2018இல் ஆப்பிளே இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டிவந்தது. அமெரிக்காவில் வழக்காகி 2022இல் 5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2019 இறுதியில் வந்த 16 அங்குல புரோவில் பழைய ‘கத்தரி’ விசையமைப்புக்குத் திரும்பினார்கள். ஆக, உங்களுக்குச் சொல்லப்பட்ட 2017 புரோ எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். 2020இல் வந்த, எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் உங்கள் விலைக்குள் வந்தால் தாராளமாக வாங்கலாம். ஆழம் 1 மி.மீ.தான், ஆனால் பலகை அசையாது, வலது ஓர விசைகளும் முழு அகலத்தில் இருக்கும். தமிழ்99 அதிலேயே உண்டு.

கேமிங் லேப்டாப்பின் கீபோர்டு சில நேரம் நன்றாகவே இருக்கும். ஆனால் எடை, விசிறிச் சத்தம், பெரும்பாலும் அந்த நம்பர் பேடும் கூடவே வரும். பையனுக்கு வேண்டுமானால் தனியாக வாங்கிக் கொடுங்கள்.

வீட்டில் ஒரே மேஜையில்தான் எழுதுவீர்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, உண்மையில் இதுதான் என் முதல் சிபாரிசு. சுமாரான 14 அங்குல லேப்டாப் ஒன்றும், 3,000 ரூபாய் அளவில் ஒரு தனி மெக்கானிக்கல் கீபோர்டும். அத்தகைய கீபோர்டில் விசை 4 மி.மீ. வரை கீழே போகும், பாதி தூரத்திலேயே எழுத்து பதிந்துவிடும், அடிவரை குத்த வேண்டியதில்லை. நம்பர் பேட் இல்லாத, ஆனால் அம்பு விசைகள் உள்ள அளவாகப் பாருங்கள். வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் எழுதுவீர்கள் என்றால் விசைக்கு அடியில் ‘டக் டக்’ என்று ஒலிக்கும் நீல ஸ்விட்ச் வேண்டாம், சிவப்போ பழுப்போ கேளுங்கள். லேப்டாப்பை நாலு தடித்த புத்தகங்களின்மேல் வைத்தால் திரை கண் உயரத்துக்கு வந்துவிடும். லேப்டாப்பிலேயே அடிக்கும்போது திரைக்காகக் கழுத்தைக் குனிய வேண்டும், திரையை உயர்த்தினால் கையைத் தூக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதற்கு மாற்று கிடையாது.

தமிழ் ஸ்டிக்கர் வேண்டாம். நீங்கள்தான் பார்க்காமல் அடிக்கிறீர்களே. வெயில் காலத்தில் ஓரம் பிசுபிசுக்கும், ஒவ்வொன்றாக உரியும்.

கடைக்குப் போனால் நாற்காலி கேட்டு உட்கார்ந்து அடித்துப் பாருங்கள். அந்த உயர மேஜையில் நின்றபடி அடித்தால் எந்தக் கீபோர்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். விண்டோஸில் தமிழ்99 இப்போது உள்ளேயே இருக்கிறது, இணைய இணைப்பு இருந்தால் அமைப்புகளில் போய்ச் சேர்க்கலாம். கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் நோட்பேடைத் திறந்து, தமிழ்99 இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ‘சாப்பிட்டாச்சா’ என்று வேகமாகப் பலமுறை அடியுங்கள். ச மூன்று முறை வரும். திரையில் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்தும் கலந்து கன்னாபின்னாவென்று விழும், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வரிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதை மட்டும்தான். வரிக்கு வரி மாறினால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.