எதிராளி யோசிக்கும்போது நாம் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, பள்ளிப் போட்டிகளில் சதுரங்கம் ஆடுகிறேன். எதிரில் இருப்பவர் பத்து, பதினைந்து நிமிடம் யோசித்தால் என் கவனம் எங்கோ போய்விடுகிறது. அவர் காயை நகர்த்தியதும் ஐந்தே விநாடியில் பதில் ஆடி, ஒரு காயைப் பறிகொடுக்கிறேன். என்ன செய்யலாம்?
– நான்காம் படிவ மாணவர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தம்பி, 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடியும் தரும் ஆட்டம் 60 நகர்வு வரை போனால், ஆளுக்கு 2 மணி நேரம். எதிராளியின் 2 மணி நேரத்தையும் நீங்கள்தான் கடத்தியாக வேண்டும். முழுக்கக் கணக்குப் போட்டால் கடைசியில் மூளை ஓய்ந்துவிடும்.

முன்னாள் உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்வின்னிக் காட்டிய வழி இது: தன் கடிகாரம் ஓடும்போது நகர்வுகளைக் கணக்கிடுவது, எதிராளியின் கடிகாரம் ஓடும்போது நிலையைப் பொதுவாக எடைபோடுவது. எதிராளி ஆடக்கூடிய நான்கு நகர்வுக்கும் விடை தேடி வைத்தால் மூன்று வீண். எதிர்பார்த்த நகர்வுக்கு வைத்திருந்த விடையை வேறு நகர்வுக்கு ஆடிவிடுவது அதைவிட ஆபத்து. உங்கள் ஐந்து விநாடிப் பதில்கள் பெரும்பாலும் அப்படி வந்தவையாகத்தான் இருக்கும்.

ஆகவே அந்த நேரத்தில் பலகையைப் பாருங்கள், நகர்வுகளை அல்ல. காவலில்லாத காய் எது, சும்மா நிற்பது எது, ராஜாவை நோக்கித் திறந்திருக்கும் கோடு எது? சிசிலியன் தொடக்கத்தில் (வெள்ளையின் இ4 சிப்பாய்க்குக் கறுப்பு சி5 சிப்பாயால் பதில் தருவது) நீங்கள் கறுப்பு என்று வையுங்கள். வெள்ளை தன் சிப்பாயை சி3-க்கு நகர்த்திவிட்டார். உங்கள் டி வரிசைச் சிப்பாய் டி6-இல், குதிரை எஃப்6-இல். அவர் வெகுநேரம் யோசித்துப் பிஷப்பை இ2-இல் வைக்கிறார். இ4 சிப்பாய் காவலின்றி நிற்கிறது. ஆசைப்பட்டுக் குதிரையால் வெட்டினால், ராணி ஏ4-க்கு வந்து, டி7 காலியாக இருப்பதால் உங்கள் ராஜாவுக்குச் செக். அதே ராணி நாலாம் வரிசையில் உங்கள் குதிரையையும் தாக்குகிறது. குதிரை போயிற்று! சி3 ஆடியதுமே ராணிக்கு ஏ4 வழி திறந்துவிட்டது. அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கோட்டைப் பார்த்திருந்தால் கை நீண்டிருக்காது.

அவர் நகர்த்தியதும் முதலில் அவருடைய நகர்வைக் குறிப்புத்தாளில் எழுதுங்கள். பேனாவைக் கீழே வைத்த பிறகே யோசனை தொடங்க வேண்டும்: இந்தக் காய் எதைத் தாக்குகிறது, விட்டு வந்த கட்டத்தில் எது காவலிழந்தது, எந்தச் செக் வருகிறது? அதுவரை இரு கைகளும் மடியில் இருக்கட்டும்; தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் அல்லவா! உங்கள் நகர்வை மட்டும் ஆடுமுன் எழுதாதீர்கள், விதி அனுமதிக்காது.

களைப்பாக இருந்தால், அவருடைய முறையின்போது எழுந்து ஆடுகளத்துக்குள் சற்று நடக்கலாம். நண்பனின் பலகையில் மூழ்கிவிட வேண்டாம். அந்த நிலை தலைக்குள் புகுந்துகொள்ளும். மதியச் சுற்றுக்கு முன் நாசி கண்டார் வயிறு முட்டச் சாப்பிட்டால் தூக்கம்தான் வரும். மண்டபக் குளிருக்கு ஒரு ஜாக்கெட் எடுத்துப் போங்கள்.

கைப்பேசியில் 3 நிமிட ஆட்டங்களே ஆடிக்கொண்டிருந்தால் காத்திருக்கும் பழக்கம் வராது. வாரம் ஒரு முறையாவது பலகையில், ஆளுக்கு 60 நிமிடம் வைத்து ஆடுங்கள்.