மச்சினன் கடனும் மாகாணிச் சுகமும்

கேள்வி: பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 43. பத்து நாள் தியான முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து கடையில் உட்காரவே பிடிக்கவில்லை. சாரல் விழுகிறது, குற்றாலம் போவோம் என்று மனைவி கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. அல்வாவைத் தொட்டு மூன்று மாதமாகிறது. சுகத்தை விட்டால்தான் நிம்மதி என்பதுதானே புத்தர் வழி? கடையைத் தம்பியிடம் விட்டுவிடலாமா? மச்சினனிடம் வாங்கிய பணம் வேறு பாக்கி. ராத்திரி தூக்கமில்லை.

பதில்: போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி இரண்டு வரியில்தான் விஷயமே இருக்கிறது, தம்பி. வீட்டில் கோபம் குற்றாலத்துக்காக மட்டும் இருக்காது. பணம் கொடுத்தவர் உங்கள் மனைவியின் கூடப்பிறந்தவர்.

சின்ன சுகத்தை விட்டால் பெரிய சுகம் கிடைக்குமென்றால் அறிவுள்ளவன் சின்னதை விட்டுவிடுவான் என்று புத்தர் வாக்குகளின் தொகுப்பான தம்மபதம் (பாட்டு 290) சொல்வது நிஜம். ஆனால் கோலியர் குலத்துத் தீகஜாணு அதே புத்தரிடம் போய், "நாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள், காசிச் சந்தனம் பூசுகிறவர்கள், பொன்னும் வெள்ளியும் புழங்குகிறவர்கள், எங்களுக்குத் தோதானதைச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. இம்மைக்கு நாலு சொன்னார்: முயற்சியோடு தொழில் செய், சம்பாதித்ததைக் காப்பாற்று, நல்லவர்களோடு பழகு, வரவறிந்து செலவு செய். அந்த நாலாவதற்குக் காட்டிய உவமை, தராசு பிடிக்கிறவன். உங்களுக்கா அதை விளக்க வேண்டும்!

சாவத்தி நகரத்து வணிகர் அனாதபிண்டிகரிடம் புத்தர், இல்லறத்தானுக்கு நாலு சுகம் என்றார்: பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடனில்லாமல் இருப்பது, பழியில்லாமல் இருப்பது. முதல் மூன்றும் சேர்ந்தாலும் நாலாவதில் பதினாறில் ஒரு பங்கு பெறாதாம். நம் பழைய கணக்கில் மாகாணி. (எங்கள் தாத்தா கடையில் மாகாணி வாய்ப்பாடு தெரியாத பையனைக் கல்லாப் பக்கமே அண்டவிடமாட்டார்கள்.)

இப்போது நீங்களே நிறுத்துப் பாருங்கள். அல்வாவை விட்டீர்கள், கடன் அப்படியே நிற்கிறது. கடையையும் தம்பி தலையில் கட்டினால் பழியும் வந்து சேரும். அதைத் துறவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தியானத்தை விட வேண்டாம். விடியலில் உட்கார்ந்து, கடை திறக்குமுன் எழுந்துவிடுங்கள். குற்றாலத்துக்குச் சாரல் ஓயுமுன் போய்வாருங்கள், பஸ் செலவுதானே. அதற்கும் முந்தி இந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்குப் போய், மாதம் இவ்வளவு என்று பேசி முடித்து, முதல் தவணையைக் கையில் கொடுங்கள். வெறுங்கையோடு போகாமல் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஒரு விள்ளல் நீட்டினால் மறுக்காமல் வாங்கித் தின்னுங்கள்.