குர்துகளுக்குத் தனி நாடு வேண்டுமா?

கேள்வி: துருக்கி, இராக், ஈரான், சிரியா எனப் பிரிந்து வாழும் குர்து மக்களுக்குத் தனி நாடு அமைவது நியாயமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: நியாயம் என்றே உறுதியாகக் கருதுகிறேன். முதல் உலகப்போரில் தோற்ற ஒட்டோமன் (துருக்கிய) பேரரசோடு வென்ற நாடுகள் 1920-இல் செய்துகொண்ட செவ்ர் உடன்படிக்கை, குர்துகளுக்குத் தன்னாட்சியையும், அவர்கள் விரும்பினால் பின்னர் விடுதலை கோரும் வழியையும் எழுத்திலேயே அளித்திருந்தது. ஆனால் 1923-இல் அதன் இடத்தைப் பிடித்த லோசான் உடன்படிக்கையில் அவர்களுடைய பெயர்கூட இல்லை. ஈரானின் மகாபாத்தில் 1946-இல் அவர்கள் அமைத்த குடியரசு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1988 மார்ச்சில் சதாம் உசேனின் விமானங்கள் இராக்கிலுள்ள குர்து நகரான ஹலப்ஜாவின்மீது நச்சுவாயுக் குண்டுகளை வீசியபோது, ஏறத்தாழ 5,000 பேர் மடிந்தார்கள். குழந்தையை அணைத்தபடியே தெருவில் உயிரற்றுக் கிடந்த மனிதரின் படத்தை இன்றும் என்னால் கலங்காமல் பார்க்க முடிவதில்லை. காக்க வேண்டிய அரசே கொன்ற பிறகு, அந்த அரசின் கீழேயே இருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நடைமுறையோ கடினமானது. 2017 செப்டம்பரில் இராக்கின் வடக்கில் குர்துகளின் தன்னாட்சிப் பகுதியான இராக்கியக் குர்திஸ்தான் நடத்திய வாக்கெடுப்பில் 92 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விடுதலையை ஆதரித்தார்கள். அடுத்த மாதமே எண்ணெய் வளம் மிக்க கிர்குக் நகரைக் குர்துப் படைகளிடமிருந்து இராக்கியப் படைகள் கைப்பற்றின. அங்கே அரபுகளும் துருக்மேன்களும் வாழ்வதால், அவர்களுடைய உரிமைக்கும் உறுதி அளிக்கும் எல்லையையே குர்துகள் கோர வேண்டும்.