சூப்பர் 8 சுருக்கப் பிரதிகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையொன்றில் சில சிறிய ஃபிலிம் சுருள்கள் வாங்கினேன். அட்டைப்பெட்டிகளில் 'காஸில் ஃபிலிம்ஸ்', 'கென் ஃபிலிம்ஸ்' என்றிருக்கிறது. முழுநீள ஆங்கிலப் படங்களின் சுருக்கம் என்கிறார் கடைக்காரர். இரண்டு சுருள்களில் புளித்த வாடை. ஒன்று முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த புரொஜெக்டர் ஒன்றும் விலைக்கு வருகிறது. வாங்கி ஓட்டலாமா?

சரவணன், காசிமேடு

அன்புள்ள சரவணன்,

ஓட்டுவது அப்புறம். வாடை வரும் இரண்டையும் இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். அந்த அமிலமே மேற்கொண்டு சிதைவைத் தூண்டும். பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். காந்த ஒலிப்பட்டையில் உள்ள இரும்பு ஆக்சைடு இதை இன்னும் விரைவுபடுத்தும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம், ஆவி உள்ளேயே தங்கி நிலைமை மோசமாகும். வந்த சேதத்தைத் திருப்ப வழியில்லை. வேகத்தைத்தான் குறைக்கலாம்.

அடுத்து, அவை சூப்பர் 8, அதாவது வீட்டில் ஓட்டும் 8 மி.மீ. அகல ஃபிலிம்தானா என்று பாருங்கள். காஸில் நிறுவனம் 1937 முதல் வீட்டுப் படங்கள் விற்றது. சூப்பர் 8 வந்ததோ 1965-இல். அதனால் பெட்டிக்குள் அதற்கு முந்தைய, அதே அகலமுள்ள ரெகுலர் 8 ஃபிலிம் இருக்க நல்ல வாய்ப்புண்டு. ரெகுலர் 8-இல் ஓரத்துத் துளை பெரிது, இரண்டு ஃபிரேம்கள் சேரும் கோட்டில் இருக்கும். சூப்பர் 8-இல் துளை சிறிது, ஃபிரேமின் நடுப்பக்கத்தில் இருக்கும். சூப்பர் 8-க்கு மட்டுமான புரொஜெக்டரில் ரெகுலர் 8-ஐ மாட்டினால் ஃபிலிமை இழுக்கும் கொக்கியான கிளா துளைகளைக் கிழித்துக்கொண்டே போகும். ரீலின் நடு ஓட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யாராவது ரீல் மாற்றிச் சுற்றியிருப்பார்கள்.

சிவப்புச் சுருளுக்கு மருந்து கிடையாது. அந்தக்கால ஈஸ்ட்மன் வண்ணப் பிரதிகளில் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் வெளுத்துவிடும், மிஞ்சுவது சிவப்பு. லென்ஸ் முன் நீல ஃபில்டர் வைப்பார்கள். வெளிச்சம் குறைவதுதான் மிச்சம். கறுப்பு வெள்ளைப் பிரதிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. இனி வாங்குவதானால் அவற்றையே தேடுங்கள். பெட்டி அட்டையின் ஓவியத்தை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது; தலைப்பிலிருந்து ஒரு மீட்டராவது இழுத்து, வெள்ளைத் தாள்மேல் பிடித்துப் பார்த்த பிறகே பேரம்.

நீளத்தையும் கவனியுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் நிமிடத்துக்கு 20 அடி ஓடும். 200 அடி என்றால் பத்து நிமிடம், 400 அடி இருபது. 18 ஃபிரேமில் ஓடும் மௌனப் பிரதிக்கு நிமிடத்துக்கு 15 அடி. என் கருத்தில் 200 அடிப் பிரதிகளில் தேறுபவை ஒரே காட்சியை எடுத்து ஒழுங்காக முடிப்பவை. முழுக் கதையையும் திணிக்கிற பிரதியில் யார் யாரைக் கொன்றார் என்பதே விளங்காது.

ஒலிப் பிரதியென்றால் துளைக்கு எதிர் ஓரத்தில் பழுப்பு நிறக் கோடாக அந்தக் காந்த ஒலிப்பட்டை இருக்கும். ஒலி படத்தைவிட 18 ஃபிரேம் முந்தியிருக்கும், அதாவது முக்கால் நொடி. ஆகவே கிழிந்த இடத்தில் சில ஃபிரேம்களை வெட்டி ஒட்டினால் படம் ஒரு நொடியில் தாவும், வசனம் வேறு நொடியில் தாவும். ஒட்டும் டேப் ஒலிப்பட்டைமேல் படக்கூடாது, ஒலியைப் படிக்கும் ஹெட்டில் 'டப்' என்று தட்டும். பாலியெஸ்டர் ஃபிலிமில் ஃபிலிம் சிமெண்ட் என்ற ஒட்டுத் திரவம் பிடிக்காது, டேப்தான். விளக்குக்கு எதிரே ரீலைப் பக்கவாட்டில் பிடியுங்கள்: வெளிச்சம் ஊடுருவினால் பாலியெஸ்டர், கறுப்பாக நின்றால் அசிட்டேட்.

காசிமேட்டுக் காற்றில் பூஞ்சணம் நிச்சயம் வரும். வந்த இடத்தைத் தண்ணீரால் துடைத்துவிடாதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் நீரில் கரையும், படமும் சேர்ந்து போகும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் ஃபிலிமையே கரைக்கும். காய்ந்த, நூல் உதிராத துணியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, கையால் சுற்றும் ரீவைண்டரில் மெதுவாக ஓட்டுங்கள். தகரப் பெட்டி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் ரீல், அட்டைப்பெட்டி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் போதும். கடல் பக்கச் சுவரை ஒட்டி மட்டும் அலமாரியைப் போடாதீர்கள்.

புரொஜெக்டரைப் பற்றி: டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. ஏ.சி. மோட்டார் உள்ள அமெரிக்க மாடல் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழலும். 24 ஃபிரேம் 20 ஆகிவிடும், ஹீரோயின் குரல் ஆண்குரலாக இறங்கும். 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்ற வழியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெல்ட் உருகிக் கறுப்புப் பிசினாகியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். பல்புக்கு, பல மாடல்களில் 12 வோல்ட் 100 வாட் ஹாலோஜன், கண்ணாடிக் கிண்ணத்தோடு வருவது. மருத்துவக் கருவிகளிலும் அந்த வகை உண்டு என்பதால் நயினியப்ப நாயக்கன் தெரு சர்ஜிக்கல் கடைகளில் பழைய பல்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் கடந்து செல்லும் கேட்டில் சேர்ந்த அழுக்கை மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஊசியால் வேண்டாம். முதல் ஓட்டத்துக்கு நல்ல சுருளை மாட்டாமல் அந்தச் சிவப்புச் சுருளையே மாட்டுங்கள்.