மளிகைப் பணம் மாதக் கடைசி வரை தாங்க நாங்கள் செய்வது

கேள்வி: கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மளிகை, பால், காய்கறி எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் ஒதுக்குகிறோம். இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. எதைக் குறைப்பது? கணக்கு வைக்க நல்ல ஆப் இருக்கிறதா?

எதைக் குறைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் அந்த 12,000 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். சமையலறைக்கு வரும் எல்லாமே மாதக் கணக்கில் வருவதில்லை. புளி, மிளகாய் வருடத்துக்கு ஒரு தடவை. அரிசி, பருப்பு, எண்ணெய் மாதத்துக்கு. காய்கறி வாரத்துக்கு, பால் தினத்துக்கு. இத்தனைக்கும் ஒரே தொகையிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் முதல் பத்து நாளில் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பணத்தைத் தின்னும். வாய்க்கட்டு போடுவதைவிட இந்தப் பிரிவினைதான் எங்கள் வீட்டில் கணக்கை நிற்க வைத்திருக்கிறது.

நாங்கள் மதுரையில் ஐந்து பேர்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை (கணவரின் அம்மா). மாதம் 15,000. அதில் அரிசியோடு சேர்த்து மளிகைக்கு 5,500, பாலுக்கு 2,000, காய்கறி பழத்துக்கு 2,600, கறி, மீன், முட்டைக்கு 2,000, சோப்பு வகையறாவுக்கு 900. மீதி இரண்டாயிரத்தில் 1,000 வருடச் சாமானுக்கு, 1,000 விருந்தாளி, காய்ச்சல், திடீர் விலையேற்றம் என்று எதிர்பாராமல் வருவதற்கு. இந்த இரண்டு ஆயிரத்தையும் ஒன்றாம் தேதியே எடுத்து வைத்துவிடுவோம். மாதக் கடைசியில் மிஞ்சினால் வைக்கலாம் என்றால் எந்த வீட்டிலும் மிஞ்சாது.

வருடச் சாமான் என்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நகரத்து வீடுகளில் இந்தப் பழக்கம் ரொம்பக் குறைந்துவிட்டது. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். மிளகாய் வத்தலும் மல்லியும் அதையொட்டித்தான் நிறைய வரத்து. அப்போது மொத்த மளிகைக் கடைகள் இருக்கும் கீழமாசி வீதிக்குப் போய் விலை கேட்டுப் பார்த்தால், பாக்கெட்டில் நூறு கிராம், கால் கிலோ என்று வாங்குவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். வருடத்துக்கு வேண்டிய புளியை வாங்கி, வெயிலில் போட்டு, கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்கி வைத்துவிட்டால் அடுத்த பங்குனி வரை புளிக்குப் பணம் எடுக்க வேண்டியதில்லை. காரத்துக்கு ராமநாதபுரம் குண்டு மிளகாய் பாதி, நிறத்துக்கு நீட்டு மிளகாய் பாதி என்பது அத்தையின் கணக்கு. சித்திரை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்கிறோம். ஒரே தடவையாக எல்லாவற்றையும் தூளாக்காமல் பாதியைக் காய்ந்த மிளகாயாகவே வைத்துக்கொள்ளுங்கள், மணம் போகாது.

ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிக் குவிக்கக் கூடாது. ரவை, கோதுமை மாவு, பயறு வகைகளில் வண்டு விழும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். ரவையை வாங்கிய அன்றே வறுத்து வைத்துவிடுங்கள். எண்ணெயும் ரொம்ப நாள் இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

அதே வருடப் பணத்திலிருந்துதான் தீபாவளிப் பலகாரம், பொங்கல் வெல்லம், முந்திரி, நெய் எல்லாம் வாங்குகிறோம். ஐப்பசி மாதம் கணக்கு எகிறுவது ஊதாரித்தனம் இல்லை. தீபாவளி வரும் என்று வருடம் முழுக்கத் தெரியும். அதை ஒரு மாதத்தின் தலையில் கட்டினால் அந்த மாதம் எப்படித் தாங்கும்?

மாத மளிகைக்கு வருவோம். முதலில் ரேஷன். நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள், அரிசி அட்டை வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியே பருப்பும் எண்ணெயும் நூறு ரூபாய்க்குக் கீழே எப்போது கிடைக்கும் என்று நீங்களே பாருங்கள். "அந்தக் கூட்டத்தில் யார் நிற்பது" என்று அட்டையைப் பூட்டி வைத்திருக்கிற வீடுகள் நிறைய உண்டு. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. நம் உரிமைக்கு வருவதை வாங்குவதில் கூச்சம் என்ன? ரேஷன் புழுங்கல் அரிசி இட்லிக்கு அருமையாக வரும். நன்றாகக் களைந்து, நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு வீட்டில் அரைத்தால் உளுந்துக்கும் கரண்டுக்கும் மட்டும்தான் செலவு. வாரத்துக்கு மூன்று நான்கு பாக்கெட் கடை மாவு வாங்குகிற வீடாக இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

சாப்பாட்டு அரிசியைச் சிப்பமாக வாங்குங்கள். 25 கிலோ வரை பாக்கெட் போட்டு விற்கும் அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. 25 கிலோவைத் தாண்டினால் அந்த வரி இல்லை, அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. எண்ணெய் பாக்கெட்டில் எடையைப் படியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே இருக்கும் பாக்கெட்டில் 750, 800 கிராம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 'விலை குறைவு' என்று எடுத்தது கடைசியில் அதிக விலையாக இருக்கும்.

நான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதில்லை. எங்கள் தெரு அண்ணாச்சி கடைக்குச் சிட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், கடைப் பையன் கொண்டுவந்து போடுவான். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. அலமாரி அலமாரியாக நடந்தால் சிட்டையில் இல்லாத ஐந்து பொருள் கூடைக்குள் வந்துவிடும், அதற்கு அந்த இரண்டு ரூபாய் எவ்வளவோ மேல். சிட்டை எழுதும்போது டப்பாக்களைத் திறந்து பார்த்து எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் வீட்டில் இருக்கிற கடுகையே மறுபடி வாங்குவோம்.

காய்கறியில் ஒரே ஒரு விஷயம்: என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். எது மலிவோ அதை வாங்கிவந்து, அதை வைத்து அந்த வாரச் சமையலை முடிவு செய்யுங்கள். நான் போவது மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய உழவர் சந்தை அதுதான். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரம் பேசுகிற வேலை இல்லை. சுரைக்காய், புடலை, பூசணி, கீரை எல்லாம் பெரும்பாலும் கைக்கு அடக்கமான விலையில்தான் இருக்கும். முகூர்த்த நாட்களை ஒட்டி காய் விலை ஏறும். காலண்டரைப் பார்த்து ஒரு நாள் முன்னே பின்னே போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் முருங்கைக்காயும் எட்டாத உயரத்துக்குப் போகும். மழைக்காலம் என்றில்லை, 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி வாரங்களில் தக்காளியை மறந்துவிடலாம். வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்புத் துவையல், புளித்தண்ணீர் ரசம் என்று தக்காளி இல்லாமலே ருசியாகச் சமைக்க நம் ஊரில் எத்தனை வழி இருக்கிறது! ஜாடியில் இருக்கிற புளிக்கு அப்போதுதான் மரியாதை.

அப்புறம் தினச் செலவு. உங்கள் பணம் இருபதாம் தேதிக்குள் தீர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாயங்காலம் ஒரு பிஸ்கட் பாக்கெட், கொத்தமல்லி இல்லை என்று பத்து நிமிட டெலிவரி ஆப்பில் ஓர் ஆர்டர், டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்க்க அதோடு இன்னும் இரண்டு பொருள், பால் வாங்கப் போன இடத்தில் ஒரு ஐஸ்கிரீம். போனில் ஸ்கேன் செய்வதால் கையை விட்டுப் போவது தெரிவதில்லை. எங்கள் வீட்டில் காய்கறிப் பணத்தை மட்டும் வாரா வாரம் ரொக்கமாக எடுத்து ஒரு உறையில் போட்டு வைக்கிறோம், 600 ரூபாய். நடுவில் வாங்கும் சில்லறைச் சாமானும் அதிலிருந்துதான். உறையில் எவ்வளவு மிச்சம் என்று பிள்ளைகளுக்கே தெரியும். சாயங்காலப் பசிக்கு அவித்த வேர்க்கடலை, சுண்டல், பொரி, பொட்டுக்கடலை உருண்டை ஏதாவது ஒன்று தயாராக இருந்தால் கடைக்கு ஓடுவது தானாகக் குறையும்.

பால், முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பணம் பற்றவில்லை என்றால் பாலைத் தண்ணீராக்குவது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது. டப்பாவில் வரும் சத்துப் பானப் பொடியை நிறுத்தலாம், வீட்டில் சத்துமாவு அரைக்கலாம். குளிர்பானம், சிப்ஸ், வகைவகையான சாஸ் பாட்டில்களை நிறுத்தலாம். சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 12,000 ரூபாயில் வருடச் சாமானுக்கு 800, எதிர்பாராததற்கு 700 என்று முதலிலேயே எடுத்தால் 10,500 இருக்கும். நான்கு பேருக்கு அது போதும் என்றே நினைக்கிறேன், ரேஷன் வாங்கி வீட்டில் மாவு அரைத்தால். வாரம் இரண்டு முறை கறி, மீன் எடுக்கிற வீடு என்றால் 12,000 இறுக்கமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் இப்படிப் பிரித்துப் பார்த்தும் பற்றவில்லை என்றால் தயங்காமல் 13,000 ஆக்குங்கள். விலைவாசி ஏறும்போது பழைய தொகையையே பிடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஆப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் எதையும் பயன்படுத்துவதில்லை. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் மாதத்துக்கு ஒரு தாள் ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வாங்கிவருகிறவர் யாரோ அவரே எழுத வேண்டும்: தேதி, பொருள், விலை. போனில் வைத்தால் அந்தப் போன்காரருக்கு மட்டும்தான் கணக்கு தெரியும். தாளில் இருந்தால் கணவர், பிள்ளைகள், அத்தை எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் எழுதுவார்கள்.