டிராஃப்டில் பெயர் வராதவர் என்ன ஆகிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை, அதிலும் மார்ச் மாத நாக்-அவுட் போட்டிகளை, விடியற்காலையில் எழுந்து பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 2022இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். மறு ஆண்டு, தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அவரை ஓர் அணிகூட எடுக்கவில்லை. ஒரே ஒரு வருடம் ஆடிய பையன்கள் முதல் பத்து இடங்களுக்குள் போகிறார்கள். அப்படியானால் கல்லூரியில் நன்றாக ஆடுவதற்கு என்ன மதிப்பு? டிராஃப்டில் பெயர் வராதவரின் கதை அத்தோடு முடிந்ததா?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

முடியவில்லை. ஷீப்வேயே அந்தக் கோடையில் இண்டியானா பேசர்ஸுடன் ஒப்பந்தம் போட்டார். அது என்ன வகை ஒப்பந்தம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் முதல் கேள்வி.

2021-22இல் ஷீப்வே ஆட்டத்துக்குச் சராசரியாக 17.4 புள்ளி, 15.1 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தார். பெரும்பகுதி கூடைக்கு அடியிலேயே நடந்த வேலை. கல்லூரி ஆட்டம் அதற்கு இடம் தருகிறது. அங்கே கூடைக்கு முன்னால் உள்ள ‘பெயின்ட்’ பகுதியின் அகலம் 12 அடி. தடுக்கும் அணியின் உயரமான ஆள் அதற்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்.பி.ஏ.வில் அகலம் 16 அடி; யாரையும் நெருங்கித் தடுக்காமல் உள்ளே மூன்று விநாடிக்கு மேல் நின்றால் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளிக் கோடு கல்லூரியில் 22 அடி 1¾ அங்குலம், என்.பி.ஏ.வில் மூலைகளில் 22 அடி, மற்ற இடங்களில் 23 அடி 9 அங்குலம். பந்தை எறிய 30 விநாடிக்குப் பதில் 24. இதெல்லாம் சேர்ந்து, கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆளான சென்டரை வெளியே இழுத்துவிடும். பிக் அண்ட் ரோலில் (தாக்கும் அணியில் ஒருவர் காவலை மறித்துக் கூட்டாளிக்கு வழிவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் உத்தி) தன்னைவிட ஓர் அடி குட்டையான, இரண்டு மடங்கு வேகமான கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவரும் ஆளை, 25 அடி தூரத்தில் அவர் தடுத்தாக வேண்டும். தாக்குதலில் வெளியிலிருந்து எறியவும் தெரியவில்லை என்றால் எதிரணி அவரைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு மற்ற நால்வரையும் நெருக்கும். 2021இன் சிறந்த கல்லூரி வீரரான அயோவாவின் லூக்கா கார்ஸாவும் இதனால்தான் 52ஆவது இடம் வரை காத்திருந்தார்.

வயதும் ஒரு கணக்கு. 2006 டிராஃப்டிலிருந்து அமெரிக்கப் பையன்கள் பள்ளி முடித்து ஓராண்டு கழிய வேண்டும், அந்த ஆண்டில் 19 வயது நிறைய வேண்டும். கல்லூரியில் ஓராண்டு மட்டும் ஆடும் பழக்கம் இப்படித்தான் வந்தது. 19 வயதில் 17 புள்ளி எடுப்பவரும் 23 வயதில் 17 புள்ளி எடுப்பவரும் அணிகளின் ஏட்டில் ஒன்றல்ல.

இனி நடைமுறை. நான்கு ஆண்டு முடித்தவர் தானாகவே தகுதி பெறுகிறார். அதற்கு முன் போக விரும்புபவர் டிராஃப்டுக்கு 60 நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். அணி அதிகாரிகள் அடங்கிய குழுவொன்று ‘முதல் சுற்று, இரண்டாம் சுற்று, வாய்ப்பில்லை’ என்று ரகசியமாகக் கணித்துச் சொல்லும். மே மாதம் சிகாகோவில் கம்பைன் என்ற தேர்வு முகாம். லீக்கும் வீரர் சங்கமும் 2023இல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தப்படி, அழைப்பு வந்தும் தக்க காரணமின்றிப் போகாதவரை அந்த ஆண்டு யாரும் எடுக்க முடியாது. அங்கே மருத்துவப் பரிசோதனை, ஓட்டம், தாவல், சிலருக்கு ஐவர் ஆட்டம். காலணி கழற்றி உயரம் அளப்பார்கள். கல்லூரி ஏட்டில் இருந்த எத்தனையோ ஆறே முக்கால் அடிக்காரர்கள் சுருங்குவது அந்த இடத்தில்தான். கைவிரிப்பின் நீளத்தையும் அளப்பார்கள். உயரத்தைவிட அதை நம்பும் அணிகள் உண்டு.

கம்பைன் முடிந்து பத்து நாளுக்குள் பெயரை விலக்கிக்கொண்டால் கல்லூரிக்குத் திரும்பலாம். 2025இல் அந்தக் கெடு மே 28. பெயரை விலக்க, டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு என்.பி.ஏ. வைத்திருக்கும் கெடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஜூன் வரை நேரம் இருக்கிறது என்று நினைப்பவருக்குக் கல்லூரி வாசல் அடைத்திருக்கும். கெடுவைச் சரியாகப் பயன்படுத்தியவர் பர்டூவின் ஸாக் ஈடி. 7 அடி 4 அங்குலம். 2023இல் பெயர் கொடுத்தார், விலக்கினார், இன்னோர் ஆண்டு ஆடினார், 2024இல் மெம்ஃபிஸ் ஒன்பதாவது இடத்தில் எடுத்தது.

இப்போது ஒப்பந்தம். முதல் சுற்றில் 30 இடம். சம்பளம் இடத்துக்கு ஏற்ப ஒரு அட்டவணையில் இருக்கிறது. அதில் 80 முதல் 120 சதவீதம் வரை பேசலாம், அநேகமாக எல்லாரும் 120 வாங்குகிறார்கள். நான்கு ஆண்டு ஒப்பந்தம் என்று செய்தியில் வந்தாலும் முதல் இரண்டு ஆண்டுக்குத்தான் உத்தரவாதம். மூன்றாம் ஆண்டு வேண்டுமா என்பதை அணி முதல் சீசன் முடிந்த அக்டோபர் 31க்குள் சொல்லிவிட வேண்டும். அதாவது 20 வயதுப் பையனின் மூன்றாம் ஆண்டை ஒரே சீசனை வைத்து முடிவு செய்கிறார்கள்.

இரண்டாம் சுற்றுக்கு அட்டவணை கிடையாது. ஏஜென்ட்டின் பேச்சுத் திறமையைப் பொறுத்து உத்தரவாதமுள்ள பல ஆண்டு ஒப்பந்தமும் கிடைக்கலாம், டூ-வே ஒப்பந்தமும் கிடைக்கலாம். ஷீப்வேக்குக் கிடைத்தது இந்த டூ-வே. ஓர் அணிக்கு இப்படி மூன்று இடம், வழக்கமான 15 பேருக்கு மேல். என்.பி.ஏ. அணிக்கும் அதன் கீழுள்ள ஜி லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுவார். என்.பி.ஏ.வில் அதிகபட்சம் 50 ஆட்டம். ஒப்பந்தத்தை மாற்றாமல் பிளேஆஃபில் (பட்டத்துக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள்) இறக்க முடியாது. சம்பளம், புதியவருக்கான குறைந்தபட்சத்தில் சரிபாதி. 2025-26இல் சுமார் 6,36,000 டாலர். அதற்கும் கீழே எக்ஸிபிட் 10: பயிற்சி முகாமுக்கு அழைத்து, பிறகு விடுவித்து, ஜி லீக் அணியில் 60 நாள் இருந்தால் ஊக்கத்தொகை. 2023-24இல் அதன் உச்சவரம்பு 75,000 டாலர். ஜி லீக் சம்பளம் மட்டும் என்றால் ஒரு சீசனுக்கு 40,000 டாலர் அளவில்தான்.

இங்கேதான் பலருக்குப் புரியாத ஒன்று. 40ஆவது இடத்துக்குப் பிறகு யாரும் எடுக்காமல் இருப்பதே சில வீரர்களுக்கு நல்லது. எடுத்துவிட்டால் உரிமை அந்த ஓர் அணிக்கு. வேறு எந்த என்.பி.ஏ. அணியுடனும் பேச முடியாது. எடுக்காவிட்டால் இடம் காலியாக உள்ள அணியை அவரே தேர்ந்தெடுக்கலாம். அதனால் இரண்டாம் சுற்றில் ஏஜென்ட்டுகளே அணிகளைக் கூப்பிட்டு ‘எங்கள் பையனை எடுக்காதீர்கள்’ என்பார்கள். ஒக்லஹோமாவின் ஆஸ்டின் ரீவ்ஸ் 2021இல் இப்படித்தான் 42ஆவது இடத்தைத் தவிர்த்து லேக்கர்ஸிடம் டூ-வேயில் சேர்ந்தார். சீசன் தொடங்கும் முன்பே அது வழக்கமான ஒப்பந்தமாக மாறியது. மிச்சிகனின் டங்கன் ராபின்சன் 2018இல் யாரும் எடுக்காமல் மயாமியில் டூ-வேயில் நுழைந்து, 2021இல் ஐந்து ஆண்டுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்.

இந்த வழியில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, அணியின் பெயரைப் பார்த்துப் போவது. மூன்று டூ-வே இடமும் நிரம்பிய அணியின் முகாமுக்குப் போய்ப் பயனில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். இரண்டு, ஜூலையில் புதியவர்கள் தங்களைக் காட்டும் லாஸ் வேகஸ் சம்மர் லீக்கில் கல்லூரி நாயகனாகவே ஆடுவது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 20 புள்ளி எடுக்க அணியில் ஏற்கெனவே ஆள் உண்டு. காலியாக இருக்கும் வேலை மூலையில் நின்று எறிவது, எதிரணியின் நல்ல கார்டைத் தடுப்பது, வந்த பந்தை அரை விநாடியில் அனுப்புவது.

‘கல்லூரியிலேயே இருக்கலாமே’ என்பதற்கும் இப்போது கனம் கூடியிருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். 2021இல் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025இல் 106. கோவிட் காலத்தில் கொடுத்த கூடுதல் ஆண்டு அந்த முதல் எண்ணைக் கொஞ்சம் ஊதிவிட்டது என்றாலும் சரிவு உண்மை. முதல் சுற்றின் கடைசியில் வரலாம் என்று பேசப்பட்ட யாக்ஸல் லெண்டபோர்க்கே 2025இல் பெயரை விலக்கி மிச்சிகனுக்குப் போனார். என் கணிப்பில், முதல் 30க்குள் உறுதியான சொல் இல்லாதவர், பெரிய கல்லூரி ஒன்று நல்ல தொகை தரும்போது கிளம்புவதற்குக் காரணம் இல்லை. 22 வயதைத் தாண்டியவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வில்லனோவாவுக்கு 2016, 2018 இரண்டு தேசியப் பட்டங்கள் வென்று தந்த ஜேலன் பிரன்சனை டல்லாஸ் 33ஆவது இடத்தில் எடுத்தது. மூன்று இடம் முன்னால், முதல் சுற்றில் போயிருந்தால் நான்கு ஆண்டு கழித்து வேறு அணி தரும் தொகையை டல்லாஸ் ஈடுகட்டி அவரை வைத்துக்கொள்ளும் உரிமை இருந்திருக்கும். இரண்டாம் சுற்றில் போட்ட நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் அந்த உரிமை இல்லை. 2022இல் அவர் நியூயார்க் நிக்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 10 கோடியே 40 லட்சம் டாலருக்குப் போனார். டல்லாஸுக்குக் கைமாறாக ஒன்றும் கிடைக்கவில்லை.