கேள்வி–பதில்: கரையில் பொறுக்கிய உயிரும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியும்

கடல்நீர்த் தொட்டி பற்றி வந்த கடிதங்களைச் சுருக்கி, இந்த முறை ஒன்றாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: அரியமான் கடற்கரையில் பிள்ளைகள் பொறுக்கிய ஒரு நட்சத்திர மீன், இரண்டு துறவி நண்டு, ஒரு கடல் அட்டை எல்லாவற்றையும் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து தொட்டியில் விட்டோம். மறுநாள் காலை அட்டை சுருங்கிக் கிடந்தது. ஏற்கெனவே இருந்த நான்கு மீனும் செத்து மிதந்தன. மீன்களுக்கு என்ன நோய்? (கே.கே. நகர்)

பதில்: நோய் இல்லை, நஞ்சு. பல வகைக் கடல் அட்டைகள் மிரண்டாலோ செத்தாலோ ஹோலோதுரின் என்ற நஞ்சைத் தண்ணீரில் விடும். கடலில் அது கரைந்து போய்விடும். உங்கள் தொட்டிக்குள் போக இடமில்லை, மீனின் செவுளைத்தான் தாக்கும். அட்டையை உடனே எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தொட்டிக்கென்று விற்கும் புதுக் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) ஒரு பை வாங்கி வடிகட்டியில் போடுங்கள்.

கடல் அட்டையைக் கரையிலிருந்து எடுப்பது 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளை பொறுக்கினாலும் பெரியவர் பொறுக்கினாலும் சட்டம் ஒன்றுதான். நட்சத்திர மீனும் தேறுவது கடினம். பாட்டில் சூட்டிலிருந்து எடுத்து நேராகத் தொட்டியில் போட்டிருக்கிறீர்கள். சூடோ உப்பின் அளவோ சட்டென்று மாறினால் அதன் உடம்பு தாங்காது. நண்டுகள் உயிரோடு இருந்தால், இப்போதிருப்பதைவிடக் கொஞ்சம் பெரிய காலிச் சங்கு நாலைந்து உள்ளே போடுங்கள். துறவி நண்டுக்குக் காலிச் சங்குதான் வீடு, வளர வளர அது வீடு மாறும். சங்கு கிடைக்காவிட்டால் ஒன்றையொன்று பிடுங்கிக் கொல்லும்.

கடலில் திருப்பி விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. கடை மீனோடு இருந்த உயிர், கடை மீனின் ஒட்டுண்ணியையும் கடலுக்குக் கொண்டுபோகும்.

கேள்வி: பாம்பனில் கூம்பு மாதிரி அழகான கோலம் போட்ட சங்கு ஒன்று உயிரோடு கிடைத்தது. தொட்டியில் வைக்கலாமா? (ஊமச்சிகுளம்)

பதில்: கையால் தொடாதீர்கள். கூம்பு நத்தை விஷ ஊசி பாய்ச்சும், சில வகை மனிதரைக் கொல்லும். குத்திவிட்டால் வலி குறைவாக இருக்கிறதே என்று வீட்டில் உட்காராமல், அந்தக் கையை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மூன்றடித் தொட்டி, வடிகட்டி, விளக்கு, கல், மீன் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய்க்கு ஒரு கடையில் எடுத்தோம். ஒரே நாளில் வந்து மாட்டி, அன்றைக்கே ஏழு மீன் விட்டார்கள். ஒன்பது நாளில் எல்லாம் போய்விட்டது. “உங்கள் தண்ணீர் சரியில்லை, உயிருக்குக் கியாரண்டி இல்லை” என்கிறார் கடைக்காரர். (திருநகர்)

பதில்: தண்ணீரைத் தயார் செய்து ஊற்றியது அவர், அன்றைக்கே மீன் விட்டதும் அவர். பிறகு எப்படி அது உங்கள் தண்ணீர் ஆகும்? தவறு உங்களுடையது இல்லை. பல ஆண்டுகளாக எனக்கு ஆறாத கோபம் இந்த ‘ஒரே நாள் செட்டப்’ மேல்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியா ஆகின்றன. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் கொல்லும். மூன்றாவதைத் தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா இருக்காது. கல்லிலும் வடிகட்டியிலும் அவை பிடித்து வளர நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். நன்னீர்த் தொட்டியில் பி.எச். (தண்ணீரின் அமில–காரத் தன்மையின் அளவு) 7 பக்கம் நிற்பதால் அமோனியாவின் பெரும்பகுதி அவ்வளவு கொடியதில்லாத வடிவில் இருக்கும். கடல்நீர் 8.1 முதல் 8.4 வரை. அங்கே அதே அளவு அமோனியாவில் நச்சு வடிவம் பல மடங்கு. தங்கமீன் தொட்டியில் தப்பித்த அவசரம் இங்கே தப்பாது.

செய்ய வேண்டியது இது. உப்புத் தண்ணீர், கல், வடிகட்டி, பம்ப் எல்லாம் ஓடட்டும், மீன் மட்டும் வேண்டாம். கட்டைவிரல் நகம் அளவு பச்சை இறாலைத் துணியில் முடிந்து தொங்கவிட்டால் அது அழுகி அமோனியா தரும். மூன்று நாளுக்கு ஒருமுறை சோதனைத் திரவத்தால் பாருங்கள். அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்று நைட்ரேட் மட்டும் தெரியும்போது இறாலை எடுத்துவிட்டு, கால் பங்குத் தண்ணீரை மாற்றி, ஒரே ஒரு மீன் விடுங்கள். அடுத்தது இரண்டு வாரம் கழித்து. இது கடைக்காரருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. ஆறு வாரம் காத்திருக்கும் வாடிக்கையாளர் அன்றைக்கு ஏழு மீன் வாங்க மாட்டார், அவ்வளவுதான் காரணம்.

இனிப் பணம். பில், மாட்டிய தேதி, செத்த மீன்களின் படம், கடைக்காரரோடு நடந்த செய்திப் பரிமாற்றம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலே வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘உயிருக்குக் கியாரண்டி இல்லை’ என்ற பேச்சு, தயாராகாத தொட்டியில் மீனை விட்ட சேவைக் குறைக்குக் கவசம் ஆகாது என்று மனுவில் எழுதுங்கள்.

கேள்வி: கடல் உப்பிலிருந்துதானே கல்லுப்பு வருகிறது? தூத்துக்குடிக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் என்ன? கடல் தொட்டிக்கென்று விற்கும் பாக்கெட் உப்பு யானை விலை. (மேலூர்)

பதில்: உப்பளத்தில் நடப்பதைப் பாருங்கள். பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட, சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு உப்பு விளையும். மக்னீசியம் கடைசிக் கசப்புத் தண்ணீரோடு வெளியேறிவிடும். கடலிலிருந்து வந்தாலும் கல்லுப்பில் சோடியம் குளோரைடு தவிர மற்றது மிகக் குறைவு. அதில் சங்கு ஓடு கட்டாது, பி.எச். நிற்காது. பாக்கெட் சாப்பாட்டு உப்பிலோ கட்டிபடாமல் இருக்கப் போடும் பொருளும் சேர்ந்திருக்கும். கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பையே வாங்குங்கள். 100 லிட்டருக்குச் சுமார் மூன்றே முக்கால் கிலோ பிடிக்கும். வேறு வாளியில் பம்ப் போட்டு ஒருநாள் கலக்கிவிட்டுத்தான் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். வீட்டு ஆர்.ஓ. பலவற்றில் குடிக்கும் ருசிக்காகப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு உண்டு. அதை மூடிவிட்டு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பேனாவால் பாருங்கள். 10-க்குக் கீழே வேண்டும். இறங்கவில்லையென்றால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று சேர்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் தூத்துக்குடியிலிருந்து கடல் தண்ணீரையே கேனில் கொண்டுவரலாமே? (வில்லாபுரம்)

பதில்: கொண்டுவரலாம். துறைமுகம், மீன் இறங்குதளம், உப்பளக் கழிவு வாய்க்கால், ஆற்று முகம் பக்கத்தில் மொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும் வேண்டாம், உப்பு நீர்த்திருக்கும். துணிப்பை வடிகட்டியில் வடித்து, உணவுக்கான கேனில் நிரப்பி, வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்து அடியில் தங்கும். மேல்நீரை மட்டும் எடுத்து, காற்று ஓடவிட்டு, அமோனியாவும் உப்பும் பார்த்துப் பயன்படுத்துங்கள். உப்பு அடர்த்தி 1.025 நிற்க வேண்டும் (நல்ல தண்ணீர் 1.000).

கணக்கும் போடுங்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 190 லிட்டர். வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்ற ஒரு 20 லிட்டர் கேன். அதற்கு வேண்டிய உப்பு முக்கால் கிலோ. அதற்காக 140 கிலோமீட்டர் போய்த் திரும்பும் டீசலையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

உப்பை அளக்க, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை வாங்காதீர்கள். நான் வாங்கியது 1.025 காட்டியபோது உண்மையில் தண்ணீர் 1.021-தான். முள்ளில் ஒட்டும் குமிழி அதை மேலே தூக்கிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள அளவுத் திரவத்தால் சரிசெய்து கொள்ளுங்கள்.

கேள்வி: கடற்குதிரை ஜோடி 600 ரூபாய்க்கு ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். நம்பி வாங்கலாமா? (உசிலம்பட்டி)

பதில்: வாங்காதீர்கள். விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

கேள்வி: ‘லைவ் ராக்’ என்று பவளக்கல் கிலோ 400 ரூபாய். பில் கேட்டால் வேண்டாம் என்கிறார், ‘இம்போர்ட்’ என்கிறார். (தல்லாகுளம்)

பதில்: பில் கொடுக்க மறுப்பதிலேயே விடை இருக்கிறது. பவளத்துக்கு நம் நாட்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ஒப்பந்தம்) அனுமதிக் காகிதம் இருக்க வேண்டும். காட்டச் சொல்லுங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு முக்கியக் காரணம். உங்களுக்குத் தேவை பாக்டீரியா ஒட்ட நுண்துளை. அது செராமிக் கல்லிலும் கிடைக்கும். ஆறு வாரத்தில் அதுவும் உயிருள்ள கல் ஆகிவிடும்.

கேள்வி: சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரி போகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. மின்விசிறி போதுமா? (திருப்புவனம்)

பதில்: சிறிய விசிறி இரண்டை நீரின் மேல்பரப்பில் சாய்த்து வீசவிட்டால், உலர்ந்த வெயில் காலத்தில் இரண்டு முதல் நான்கு டிகிரி இறங்கும். மழைக்காலத்தில் அவ்வளவு இறங்காது. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை நிரப்ப நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. பக்கத்தில் ஒரு கோடு போட்டுவைத்து தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். அதற்கும் 28-ஐத் தாண்டினால் சில்லர்தான்.

வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே ஓடும் குழாய் டைட்டானியமா? செம்பு என்றால் நண்டு, சங்கு எல்லாம் சாகும். பழைய சில்லர் ஒன்றை இதைக் கேட்காமல் வாங்கி நானே அவற்றை இழந்திருக்கிறேன். அறை வெப்பம் 38 இருக்கும்போது எத்தனை லிட்டரைக் குளிர்விக்கும்? பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு பெரும்பாலும் குளுமையான அறைக்கானது, ஒரு படி பெரியதை எடுங்கள். சூடான காற்று வெளியேற இடம் எவ்வளவு வேண்டும்? ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவை மூடினால் அதே சூட்டைத் திரும்ப இழுத்து நிற்கும். ஈரக் கையும் உப்பும் சேரும் இடம், ஆகவே மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாதபடி, ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் தயார், ஆறு வாரமும் ஆகிவிட்டது. முதலில் எதை வாங்குவது? (பழங்காநத்தம்)

பதில்: பண்ணையில் பொரித்த கோமாளி மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இதைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடித்ததா, பண்ணைக் குஞ்சா என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னே தீனி போடச் சொல்லி, மீன் சாப்பிடுவதைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை அரைமணி மிதக்கவிட்டு, வேறு பாத்திரத்தில் மீனை மாற்றி, மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரை வினாடிக்கு ஒன்றிரண்டு சொட்டாக ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கடைத் தண்ணீரை வாளியில் கொட்டிவிடுங்கள். கடலில் கோமாளி மீன் ஒண்டி வாழும் உயிரான கடல் சாமந்திக்கு இப்போது அவசரம் வேண்டாம். அதற்குப் பலத்த விளக்கும் நன்கு முதிர்ந்த தொட்டியும் வேண்டும், கோமாளி மீன் அது இல்லாமலே நன்றாக வாழும்.